பெரிய காரைப் பின் சீட்டிலிருந்து எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பெரிய சொகுசு செடான்களை, அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீளும் கார்களை, ஒப்பிட்டு இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். முழுதும் படித்தேன். எந்த வண்டி எத்தனை நொடியில் நூறைத் தொடுகிறது, எத்தனை குதிரைசக்தி, திரை எத்தனை அங்குலம் என்று அட்டவணை போட்டு, கடைசியில் நட்சத்திரமும் கொடுத்திருந்தீர்கள். ஆனால் எழுபது, எண்பது லட்சம் கொடுத்து இந்த வண்டியை வாங்குகிறவர் அதில் எங்கே உட்காருவார் என்று கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. நம் ஊரில் அவர் பின்னால் இடது பக்கம் உட்காருகிறார். முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது என்னைப் போன்றவர்கள். நூறைத் தொட ஆறு நொடியா ஏழு நொடியா என்பது எனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம். அப்படி அழுத்தினால் அடுத்த நாள் எனக்கு டூட்டி இருக்காது.

நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். கான்டெஸா கார் ஓடிய காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவன். இப்போது ஒரு டிராவல்ஸில் வேலை. கப்பல் கம்பெனி, சரக்கு ஏஜென்சி ஆட்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி, சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று கொண்டுபோய் விட்டு, மறுபடி கூட்டிவருவது என் வேலை. கல்யாண சீசனில் சௌகார்பேட்டை சேட்டுகளின் குடும்ப விசேஷங்களுக்கும் போவேன். பென்ஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், டொயோட்டா கேம்ரி மூன்றும் எங்கள் முதலாளியிடம் உண்டு. ஆடி ஏ6, லெக்ஸஸ் இஎஸ், வால்வோ எஸ்90 மூன்றையும் வேறு இடங்களில் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் இடம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். பின்னால் உட்காருகிறவரின் கால் எவ்வளவு நீளும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. 5 சீரிஸ் நீள வண்டியில் அது 3105 மி.மீ., இ-கிளாஸில் 3094. வால்வோவில் 2941, ஆடியில் 2924, லெக்ஸஸில் 2870, கேம்ரியில் 2825. பென்ஸும் பிஎம்டபிள்யூவும் ஐரோப்பாவில் விற்கும் அளவை விட்டுவிட்டு, நீட்டிய உடலை இங்கே விற்கின்றன. வலது பக்க ஸ்டியரிங்கோடு நீள இ-கிளாஸ் முதன்முதலில் வந்ததே இந்தியாவுக்குத்தான், 2017இல். பிஎம்டபிள்யூ 2024 ஜூலையில் அதே வழிக்கு வந்தது. இரண்டு ஜெர்மன் கம்பெனிகளும் புரிந்துகொண்ட விஷயம் இது: இந்தியாவில் முதலாளி பின்னால் உட்காருகிறார். உங்கள் கட்டுரை மட்டும் அவரை முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

சரி, இடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இரவு விமானத்தில் வந்திறங்குகிற கப்பல் கேப்டன்களுக்கு முதுகு சாய வேண்டும். இ-கிளாஸில் பின் சீட்டை மோட்டார் வைத்துச் சாய்த்துக்கொள்ளலாம், தொடைக்குத் தாங்கலாக முன் விளிம்பை நீட்டிக்கொள்ளலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னாலிருக்கும் காலி சீட் தானாக முன்னே நகர்ந்து இடம் விடும். 5 சீரிஸில் கால் நீட்ட அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் உண்டு, தலைக்கு வைத்திருக்கும் மெத்தையும் நல்ல மிருது. ஆனால் சாய்மானம் ஒரே நிலைதான், மாற்ற முடியாது. அதே நேரம், விலையில் இதைவிட ரொம்பக் குறைந்த கேம்ரியில் பின் சீட் சாய்கிறது. நடுவில் உள்ள கைதாங்கியை இறக்கினால் அதிலேயே ஏ.சி.க்கும் சீட்டுக்கும் பட்டன்கள் இருக்கின்றன. இதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா? வெளிவட்டச் சாலையைப் பிடித்து மீஞ்சூர் வழியாகக் காட்டுப்பள்ளி போய்ச் சேரும்வரை ஒருவர் தூங்க முடியுமா முடியாதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது, குதிரைசக்தி இல்லை.

அடுத்தது ஏறி இறங்குவது. இதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் முதலாளியின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மாதாமாதம் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போவேன். வீட்டு வாசலில் பென்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினால், "தம்பி, இதுல ஏறுனா கிணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கு, நீ போயி இன்னோவாவ எடுத்துனு வாப்பா" என்பார்கள். வண்டி என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குனிந்து, தலையை நுழைத்து, இடுப்பைத் தாழ்த்தி, அப்புறம் காலை உள்ளே இழுக்க வேண்டிய எந்த வண்டியும் அந்த முழங்காலுக்கு ஆகாது. அம்பாசடர் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரம். சீட்டும் அதற்கேற்ற உயரத்தில் இருந்தது, அப்படியே பின்னால் உட்கார்ந்துவிடலாம். பெரியவர்கள் இன்னும் அந்த வண்டியைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்த விஷயத்தில் 5 சீரிஸ் மற்றவற்றைவிடத் தேவலாம். அதன் உயரம் 1520 மி.மீ. மின்சாரத்தில் ஓடும் ஐ5க்கும் இதே உடல் என்பதால் அடியில் பேட்டரிக்கு இடம் விட்டுத் தளத்தை உயர்த்தியிருக்கிறார்கள். கேம்ரியும் லெக்ஸஸும் அதைவிட ஆறேழு சென்டிமீட்டர் தாழ்வு. வயதானவர் இருக்கிற வீட்டில் இந்த ஆறேழு சென்டிமீட்டர் பெரிய கணக்கு. சௌகார்பேட்டையில் ஒரு சேட்டு வீட்டில், இருந்த பெரிய செடானை விற்றுவிட்டு உயரமான வண்டி வாங்கியதற்கு அவர்கள் பாட்டியின் இடுப்புதான் காரணம். ஊரெல்லாம் எஸ்யூவி வாங்குகிறது, செடானுக்கு மவுசு போய்விட்டது என்று எழுதுகிறீர்களே, அதில் பாதிக்கு மேல் இப்படி வாசலில் நின்று எடுத்த முடிவுகள் என்பது என் எண்ணம்.

நீளம் என்பதில் வரும் தொல்லையும் உண்டு. 5 சீரிஸ் 5165 மி.மீ. நீளம், இ-கிளாஸ் 5092. அம்பாசடர் 4325 மி.மீ. தான். அதாவது 5 சீரிஸ் முக்கால் மீட்டருக்கும் மேல் அதிகம். தங்கசாலைத் தெருவிலோ கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலோ இதை நுழைப்பதை நான் விட்டுவிட்டேன். நுழைந்தாலும் பின் கதவு அவ்வளவு நீளம், அதை முழுசாகத் திறக்க இடம் இருக்காது. பாதி திறந்த கதவில் பட்டுப் புடவை கட்டியவர்கள் எப்படி இறங்குவார்கள்? வால்டாக்ஸ் சாலையில் நிறுத்தி, அங்கிருந்து ஆட்டோவில் போகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருக்களுக்குக் கேம்ரி ஓரளவு ஒத்துவரும்.

அதைவிட முக்கியம் ஸ்பீட் பிரேக்கர். வட்டமான வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. அப்படிப் போட்டால் எந்த செடானும் தட்டாமல் ஏறி இறங்கும். எங்கள் பக்கம் உள் தெருக்களில் இருப்பவை அந்த அளவில் இல்லை. உயரம் அதிகம், அகலம் ஒரு முழம். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவதால் சில இடங்களில் மேன்ஹோல் மூடியே பள்ளமாகிக் கிடக்கிறது. நீள வீல்பேஸ் வண்டிக்கு இங்கேதான் சோதனை. முன் சக்கரம் இறங்கிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை, நடு வயிறு மேட்டின் மேலே நிற்கும். வண்டியில் நாலு பேரும் டிக்கியில் இரண்டு பெட்டியும் இருந்தால் கண்டிப்பாக அடி தட்டும். வண்டியைக் குறுக்கே சாய்த்து, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால்தான் தப்பிக்கலாம். பின்னால் வருகிற தண்ணீர் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். கம்பெனிகள் கொடுக்கும் தரை இடைவெளி அளவை எத்தனை பேரை உட்கார வைத்து எடுத்தார்கள் என்று பாருங்கள். பல தடவை காலி வண்டியில் எடுத்த அளவைத்தான் போடுகிறார்கள். நீங்களாவது நாலு பேரை உட்கார வைத்து டேப் பிடித்துப் பாருங்கள்.

ஆனால் அதே நீளம், வேகம் பிடித்த பிறகு வரமாக மாறுகிறது. வெளிவட்டச் சாலையில் சீராகப் போகும்போது நீள வண்டி முன்னும் பின்னும் ஆடுவதில்லை. பின்னால் இருப்பவர் காபி குடித்தால் சிந்தாது. இதில் 5 சீரிஸை அடிக்க ஆளில்லை. பின் சக்கரம் இழுக்கும் வண்டி, 258 குதிரைசக்தி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த வண்டி அதுதான். அது மகேந்திரா சிட்டியில், நம்ம செங்கல்பட்டுப் பக்கத்தில் பாகங்கள் பூட்டித் தயாராகி வருகிறது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. 2007 முதல் அந்தத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மணலி சாலைப் பள்ளங்களில் மெதுவாக உருட்டும்போது, என் கணக்கில், பின் சீட்டுக்கு இ-கிளாஸ்தான் மிருது.

மணலி என்றதும் இன்னொன்று. மாதவரம் வழியாக வந்து மணலி தாண்டும்போது, சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் எந்த நேரம் எந்த வாடை அடிக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும். வாடை மூக்கில் ஏறுவதற்குள் வெளிக்காற்றை அடைக்கிற பட்டனை அழுத்தியாக வேண்டும். கேம்ரியிலும் லெக்ஸஸிலும் அதற்கு விரலுக்கு அகப்படுகிற பட்டன் இருக்கிறது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே அழுத்திவிடலாம். ஆடி ஏ6இல் ஏ.சி.க்கே தனியாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் குலுங்குகிற ரோட்டில் கண்ணாடி மேல் விரல் வைத்து அழுத்துவது ஆபத்தான வேலை. புது பென்ஸும் பிஎம்டபிள்யூவும் அதே வழியில் போய்விட்டன. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி ஓடும்போது ஓட்டுநரின் கண் திரையில் இருக்கக் கூடாது. திரை எத்தனை அங்குலம் என்று அளந்தீர்கள், ஏ.சி.யை மாற்ற எத்தனை தடவை தொட வேண்டும் என்று எண்ணியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஏ.சி. ஃபில்டர் விஷயமும் இதோடு சேர்ந்தது. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை எண்ணூர் ஓட்டத்தில் ஃபில்டர் தாங்காது. கழற்றிப் பார்த்தால் கறுத்துப் போயிருக்கும். இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் சீக்கிரமே மாற்றிவிடுவது நல்லது. பால் வெள்ளை நிற லெதர் சீட்டையும் இந்தப் பக்கம் தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

காத்திருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஓட்டுவதைவிடக் காத்திருப்பது அதிகம். துறைமுக வாசலில் பார்ட்டி உள்ளே போனால் எப்போது வருவார் என்று தெரியாது. வெளியே வந்ததும் வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். சாதாரண பெட்ரோல், டீசல் வண்டியில் அதற்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேம்ரி, லெக்ஸஸ் போல எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டியில் ஏ.சி. கம்ப்ரஸரை மின்சாரம் ஓட்டுகிறது. எஞ்சின் அணைந்திருந்தாலும் காற்று குளிர்ச்சியாகவே வரும். பேட்டரி இறங்கும்போது மட்டும் எஞ்சின் தானாக எழுந்து, கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி அணைந்துவிடும். காசிமேடு ஜீரோ கேட் பக்கம் லாரி வரிசையில் மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து போகும்போதும் இதே கதைதான், பாதி நேரம் பேட்டரியிலேயே நகரும். புதுக் கேம்ரிக்கு லிட்டருக்கு 25.49 கி.மீ. என்று சான்றளித்த அளவு. ரோட்டில் அது அப்படியே கிடைக்காது. ஆனால் நெரிசல் கூடக் கூட மற்ற பெரிய கார்களுக்கு மைலேஜ் அடி வாங்கும்போது, இது அதிகம் அடி வாங்காமல் நிற்கிறது. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கிடையாது. வேகம் குறைக்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரமாக்கிவிடுவதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். டிராவல்ஸ் முதலாளிகள் கேம்ரியை ஏன் விடுவதில்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. வெளிவட்டச் சாலையில் லாரியை முந்த அழுத்தினால் கேம்ரியின் எஞ்சின் ஒரே குரலில் கத்தும், லெக்ஸஸில் அதைக் கொஞ்சம் அடக்கியிருக்கிறார்கள். டயர் சத்தமும் பென்ஸைவிடக் கேம்ரியில் அதிகம் கேட்கும். பிரேக்கில் மோட்டார் பிடிக்கிற இடத்திலிருந்து பேட் பிடிக்கிற இடத்துக்கு மாறும் அந்தக் கடைசி நொடி பழகவில்லை என்றால், நிற்கும்போது பின்னால் இருப்பவர் தலை முன்னே ஆடும். புது ஓட்டுநருக்கு முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

பென்ஸில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பொதுவில் யாரும் எழுதுவதில்லை. அதன் கியர், ஸ்டியரிங்கின் வலது பக்கம் குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா எல்லாவற்றிலும் அந்த இடத்தில் இருப்பது இன்டிகேட்டர். கல்யாண மண்டபத்தில் வண்டியை வாங்கி நிறுத்துகிற பையன் பழக்க தோஷத்தில் இன்டிகேட்டர் என்று நினைத்து அதைத் தட்டிவிடுவான். மண்டப வாசலில் ஜனம் நிற்கும் இடத்தில் வண்டி எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல முடியாத நிலை எதற்கு? அதனால் பென்ஸை நான் சாவி மாற்றிக் கொடுப்பதே இல்லை, நானே நிறுத்துவேன். வீட்டில் இரண்டு விதமான கார் வைத்திருப்பவர்கள் தங்கள் ஓட்டுநருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

வால்வோவைப் பற்றி உங்கள் கட்டுரையில் நாலே வரி. மூன்று முனை சீட் பெல்ட் வந்ததே 1959இல் அந்தக் கம்பெனியிலிருந்துதான். அதன் முன் சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டினாலும் எனக்கு இடுப்பு வலி வந்ததில்லை. ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும், பின்னால் உட்காருகிற பெரிய மனிதர்கள் பெல்ட் போடுவதில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் இறந்த விபத்தில், பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அதுவும் உயர்ந்த ரகக் கார்தான். எத்தனை ஏர்பேக் இருந்தாலும் பெல்ட் இல்லாதவர் முன் சீட்டின் முதுகில் போய் மோதுவார். பின்னால் இருப்பவர் பெல்ட் மாட்டாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. "சார், பெல்ட் போடுங்க, அப்புறம் கெளம்பலாம்" என்று ஒருமுறை சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. பெல்ட்டின் கொக்கி சீட்டுக்குள் புதைந்து போகாமல் கைக்கு அகப்படும்படி இருக்கிறதா என்று உங்கள் நிருபர் பார்த்து எழுதினால் நாலு பேர் போடுவார்கள்.

மழையைப் பற்றி எழுதாமல் வடசென்னைக்காரன் கடிதம் முடியாது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எங்களுக்கு மறக்காது. மிக்ஜாமில் புளியந்தோப்பு, பட்டாளம், மணலி புதுநகர் எல்லாம் தண்ணீரில் நின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு அவ்வளவு மழை தேவையில்லை, சாதாரண மழைக்கே நிறைந்துவிடும். தாழ்வான செடானில் காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதும் இது நடக்கும். வண்டி நின்றால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள், வண்டி தூக்கும் லாரியைக் கூப்பிடுங்கள். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராமல் போக வாய்ப்பு அதிகம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். இந்த விலை வண்டிக்கு எஞ்சின் மாற்றுவது என்றால் அந்தப் பணத்தில் புதிதாக ஒரு சின்னக் காரே வாங்கலாம். கேம்ரியில் ஹைப்ரிட் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதனால் கேபினுக்குள் தண்ணீர் ஏறவிடவே கூடாது. மழை எச்சரிக்கை வந்தால் நாங்கள் முதலில் வண்டிகளைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் விடுவோம்.

டயரும் அப்படித்தான். 18, 19 அங்குல வீலில் பக்கச்சுவர் விரல் நீளம் தான் இருக்கும். பள்ளத்தில் ஒரு அடி வாங்கினால் டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும், ஒட்டி ஓட்ட முடியாது, புதிதுதான். சில வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பதில் ரன்ஃப்ளாட் டயர் கொடுக்கிறார்கள். காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. நடு ராத்திரியில் காட்டுப்பள்ளி ரோட்டில் இறங்கி ஜாக்கி போட வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதன் சுவர் விறைப்பானது, சின்னக் குழிகூடப் பின் சீட்டுக்குத் தெரியும், நம்ம ஊர்ப் பங்க்சர் கடையில் அதைக் கையிலெடுக்கவே தயங்குவார்கள்.

பணக் கணக்கை நீளமாகச் சொல்லப்போவதில்லை. 2024 அக்டோபரில் புது இ-கிளாஸ் வந்தபோது ஷோரூம் விலை 78.5 லட்சத்தில் தொடங்கியது, 5 சீரிஸ் 72.9 லட்சம், அந்த டிசம்பரில் கேம்ரி 48 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், ஆக இ-கிளாஸுக்கு வரி மட்டுமே 15 லட்சத்தைத் தாண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது உங்கள் கட்டுரையில் வந்தது. ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: முன்பு பெரிய பெட்ரோல் செடானுக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 48 சதவீதம், ஹைப்ரிட்டுக்கு 43. இப்போது இரண்டுக்கும் 40. ஹைப்ரிட்டுக்கு இருந்த அந்தச் சலுகை போய்விட்டது. பழைய சொகுசு செடானைக் குறைந்த விலைக்கு வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரின் விலை இறங்கும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பழைய ஜெர்மன் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, காற்றால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் உட்கார்ந்ததிலிருந்து ஷெட்டிலேயே விட்டு வைத்திருக்கிறான். வாங்கும் முன் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹைப்ரிட் வாங்குகிறவர்கள் பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி மிச்சம் என்று எழுத்தில் கேளுங்கள்.

பெரிய சொகுசுக் கார் நம்ம ஊருக்குப் புதிதில்லை என்பதையும் உங்கள் இளம் நிருபர்களுக்குச் சொல்ல ஆசை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பாகங்கள் பூட்டித் தயாரித்தது லாரி இல்லை, ஆஸ்டின் ஏ40 கார். பிற்பாடுதான் அது அசோக் லேலண்டாகி லாரிக்குப் பேர் போனது. 1985இல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி, ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 1977இல் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவர் எஸ்டி1இன் உடல் அது. உடல் புதிது, உள்ளே வைத்த எஞ்சின் பழைய வான்கார்டு கார் காலத்துச் சரக்கு. வண்டியின் கனத்துக்கு இழுவை போதவில்லை, பெட்ரோலும் தாங்கவில்லை, விலையும் அதிகம். 1988இல் நின்றுபோனது. பார்க்க அழகாக இருந்தால் மட்டும் இந்த ஊர் ஒரு வண்டியை வைத்துக்கொள்ளாது என்று அப்போதே தெரிந்த விஷயம். அந்தக் காரை ஓட்டிய மூத்த ஓட்டுநர்கள் ராயபுரத்தில் இருந்தார்கள், அவர்கள் பேச்சில் கேட்டு வளர்ந்தவன் நான்.

யார் எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான். முதலாளி தினமும் பின்னால் உட்கார்ந்து நீண்ட தூரம் போகிறவர், சாய்ந்து தூங்க வேண்டும், பணம் ஒரு பொருட்டில்லை என்றால் இ-கிளாஸ். அதிலும் தூரம் அதிகம் என்றால் டீசல். பெட்ரோல் மட்டும் என்று பலரும் மாறிவிட்ட நிலையில் அங்கே இன்னும் டீசல் கிடைப்பது நல்ல விஷயம். ஞாயிற்றுக்கிழமை தானே எடுத்து ஓட்டுகிற ஆசை உள்ளவருக்கு 5 சீரிஸ். டிராவல்ஸுக்கும், நெரிசலிலேயே வாழ்கிற குடும்பத்துக்கும் கேம்ரி. அதே குணம் வேண்டும், ஆனால் அமைதியும் வேலைப்பாடும் வேண்டும் என்றால் லெக்ஸஸ். ஆடியை ஓட்டுநர் வைத்துக்கொள்ளாதவர்கள் வாங்கட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் இவை எதையும் வாங்கும் முன் அவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஒப்பீடு போடும்போது அட்டவணையில் நாலு வரிசை சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பின் சீட்டு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், நாலு பேரும் பெட்டியும் ஏறிய பிறகு அடிவயிற்றுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி, பின் கதவு முழுசாகத் திறக்க எத்தனை அடி வேண்டும், ஒரு டயர் என்ன விலை. ஓட்டிப் பார்க்கும் ரோட்டையும் மாற்றுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மாதவரத்திலிருந்து மணலி வழியாக எண்ணூர், அங்கிருந்து விரைவுச் சாலையில் காசிமேடு வரை ஒரு நாள் வாருங்கள். எந்த ஸ்பீட் பிரேக்கரில் எந்த வண்டி தட்டும் என்று நானே கூட வந்து காட்டுகிறேன். மதியம் லாரி வரிசை கூடுவதற்கு முன்னால், காலையிலேயே கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
செடான் ஓட்டுநர் ஒருவர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை-19.